நிலையான வேலையில் இருந்துகொண்டே, கூப்பிடும்போது மட்டும் நர்சிங் அசிஸ்டென்ட் டூட்டிக்குச் செல்வது சரிவருமா?

புதுவயல் கணக்கர் (வினா)

அனைவருக்கும் வணக்கம். புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் சில ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, ஞாயிறு விடுமுறை, மாதம் 13,000 ரூபாய் சம்பளம், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு இரண்டும் உண்டு. என் மாமியார் பக்கவாதத்தில் படுத்திருந்த காலத்தில் அவருக்குச் செய்யவேண்டியதையெல்லாம் நானே செய்ததால் இந்த வேலை எனக்குக் கைவரும் என்று தெரிந்தது. பிறகு நோயாளி பராமரிப்புப் பயிற்சியை முறையாக முடித்துச் சான்றிதழும் வாங்கிவிட்டேன். கணவர் சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். மூத்த மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறாள், அந்தச் செலவுக்காகத்தான் இந்த யோசனை.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனை என் பெயரைத் தங்கள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவர்களுடைய நிரந்தர ஆட்கள் விடுப்பில் போகும்போதும் வார்டு நிரம்பும்போதும் மட்டும் கூப்பிடுவார்கள். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை டூட்டி, ஓர் இரவுக்கு 600 ரூபாய். கூப்பிடாத மாதத்தில் ஒரு காசும் வராது. ஐப்பசி, கார்த்திகையில் காய்ச்சல் பரவும் நாள்களில் அடுத்தடுத்துக் கூப்பிடுவதும், பிறகு வாரக்கணக்கில் மறந்துவிடுவதும் வழக்கம் என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

பகல் முழுவதும் ஆலையில் இருந்துவிட்டு அன்றிரவே வார்டுக்குச் சென்று, மறுநாள் காலை அங்கிருந்து நேராக ஆலைக்குத் திரும்புவது உடம்புக்குத் தாங்குமா? மாலை 4 மணிக்குப் போன் செய்து, அன்றிரவே வரமுடியுமா என்கிறார்கள். இரண்டு முறை மறுத்தால் பெயரை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சமும் இருக்கிறது. ஆலை முதலாளியிடம் சொல்லிவிட்டுச் செய்வதா, சொல்லாமலே செய்வதா என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. இதற்கிடையில், வீடுகளுக்கு ஹோம் நர்ஸ் அனுப்பும் ஏஜென்சிக்காரர் ஒருவர், ஆலை வேலையை விட்டுவிட்டால் மாதம் முழுவதும் டூட்டி தருவதாகவும் 18,000 ரூபாய் வரை பார்க்கலாம் என்றும் சொல்கிறார். இத்தகைய இரட்டை வேலையைச் செய்பவர்களும், மருத்துவமனை நடைமுறை தெரிந்தவர்களும் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

சிவகங்கை ஓய்வுபெற்ற செவிலியர்

அரசு மருத்துவமனைகளில் வார்டுப் பணியிலும் மேற்பார்வையிலும் இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்கு விடை, தாங்காது என்பதுதான். காலை 6 மணிக்கு எழுந்து ஆலைக்குச் சென்று, இரவு டூட்டியையும் பார்த்துவிட்டு, மறுநாள் மாலை 6 மணி வரை மறுபடியும் ஆலையில் இருந்தால் மொத்தம் 36 மணி நேரம் விழித்திருக்கிறீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் கண்விழித்தவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீங்கள் வார்டுக்குள் நுழையும்போதே 14 மணி நேரம் கழிந்திருக்கும். 11 மணிக்கு அந்த எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். வார்டில் நோயாளிக்கு ஆள் தேவைப்படுவதோ அதற்குப் பிறகுதான்.

உதவியாளர் வேலைதானே, மருந்து மாத்திரையை நாமா முடிவு செய்கிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகுப்புண் வந்துவிடும், வந்த புண் ஆற மாதக்கணக்காகும். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைத்து, கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்கவேண்டும். தூக்கக் கலக்கத்தில் கட்டிலைச் சமமாக இறக்கிவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போகும். குழாய் வழியாகச் சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் நோயாளியின் மூத்திரப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கவேண்டும், கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றப்பட்டிருக்கவேண்டும், வயதானவர் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போய் விழாமல் பார்க்கவேண்டும். இவை அனைத்தும் கவனத்தை மட்டுமே நம்பி நடக்கும் வேலைகள். ஆலைக் கணக்கில் பிழை வந்தால் மறுநாள் அடித்து எழுதலாம்.

ஆகவே மறுநாள் ஆலைக்குப் போகவேண்டிய எந்த இரவையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஞாயிறு பகல் டூட்டி கிடைத்தால் அதுவே மிக நல்லது. சனிக்கிழமை இரவு இரண்டாவதாக வரும், அதுவும் அன்று பிற்பகல் ஆலையில் அரைநாள் விடுப்பு எடுத்து இரண்டு மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் போகமுடிந்தால்தான். சில மருத்துவமனைகள் மாலை உணவு, உடம்பு துடைத்தல், உடை மாற்றுதல் ஆகியவற்றுக்காக மாலை 6 மணிக்கு மேல் நான்கு மணி நேரத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதுண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

கேட்காத இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். நரம்பில் ஊசி போடுவது, சலைன் ஏற்றுவது, மருந்தின் அளவை மாற்றுவது ஆகியவை உங்கள் சான்றிதழுக்குள் வரமாட்டா. ஆள் குறைவான இரவில், தெரிந்தவர்தானே என்று யாராவது சிரிஞ்சை உங்கள் கையில் கொடுப்பார்கள். பட்டியலில் பெயர் நீடிக்கவேண்டும் என்ற ஆசையில் அதை வாங்கிவிடாதீர்கள். அன்றைக்குப் பொறுப்பில் இருக்கும் செவிலியரை அழைப்பதுதான் முறை. அடுத்து, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை, முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் போடப்படும். அழைப்பின் பேரில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் யாரும் அதை நினைவூட்டுவதில்லை. பயன்படுத்திய ஊசி குத்திவிட்டால் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே பொறுப்பாளரிடம் தெரிவிக்கவேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் கருதினால் அதை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. காலையில் ஆலைக்கு நேரமாகிவிட்டது என்று அதை மறைத்துக்கொண்டு ஓடுவதுதான் இரட்டை வேலைக்காரர்களிடம் நான் கண்ட பெரிய ஆபத்து.

காரைக்குடி தொழிலாளர் ஆலோசகர்

செவிலியர் அம்மா உடம்பைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள், நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் அந்த 18,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். ஓர் இரவுக்கு 600 ரூபாய் என்ற கணக்கில் 18,000 வரவேண்டுமானால் 30 இரவு வேலை செய்யவேண்டும். ஒரு நாள்கூட ஓய்வில்லை, காய்ச்சல் வந்தால் வருமானமில்லை, நோயாளி தேறிவிட்டாலோ காலமாகிவிட்டாலோ அடுத்த வீடு கிடைக்கும்வரை சும்மா இருக்கவேண்டும், ஏஜென்சியின் கமிஷன் எவ்வளவு என்பதும் அந்தத் தொகையில் சொல்லப்படவில்லை. கணக்கு எழுதுபவருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை என்றாலும், சொந்தப் பணம் என்று வரும்போது கணக்கர்களும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்குவதைக் கண்டிருக்கிறேன்.

ஆலை வேலையில் உங்களுக்கு இருப்பது 13,000 ரூபாய் மட்டும் அன்று. ஈ.எஸ்.ஐ.க்காக உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 98 ரூபாய் பிடிக்கப்படுகிறது. முதலாளி தன் பங்காக 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்த 98 ரூபாய்க்கு உங்களுக்கும் உங்களைச் சார்ந்தவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கிறது. நீங்கள் நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் பணமாகவும் கிடைக்கும். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, அக்டோபர் முதல் மார்ச் வரை என்று பிரிக்கப்பட்ட ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள்களுக்குப் பங்களிப்பு இருந்தால்தான் நோய்க்கால உதவித்தொகை வரும். நிலையான வேலையில் இருப்பவர் இந்த 78-ஐப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. கூப்பிட்டால் மட்டும் போகிறவருக்கோ, அந்த மருத்துவமனை ஒழுங்காகப் பங்களிப்புக் கட்டினாலும்கூட, இந்த எண்ணிக்கையைத் தொடுவது கடினம். பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும் என்பதையும், பணிக்கொடைக்குப் பொதுவாக ஒரே நிறுவனத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து இருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆலையை விடுவது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெரியும்.

மருத்துவமனை உங்களை ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால், ஏற்கெனவே உள்ள ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்ணையும் பி.எஃப்.க்கான யு.ஏ.என். எண்ணையும் கொடுங்கள், புதிதாக இன்னொன்று உருவாக்க விடாதீர்கள். பின்னால் இரண்டையும் இணைக்க அலைவது பெரிய தொல்லை. பட்டியலில் சேர்க்காமல் வவுச்சரில் பணம் தருவதாக இருந்தால், தேதி, நேரம், தொகை ஆகியவை எழுதப்பட்ட வவுச்சரின் படத்தையாவது போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள்.

ஒரு காரியத்தை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக்கூடாது. உடல்நலம் சரியில்லை என்று ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி, உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு, அதே நாள்களில் வேறோரிடத்தில் டூட்டி பார்ப்பது பொய்க்கணக்கு; பிடிபட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டவேண்டியிருக்கும், வழக்கும் வரலாம்.

முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். முதலில் உங்கள் நியமன ஆணையை எடுத்து, வேறு வேலை பார்க்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும். இல்லாவிட்டாலும், புதுவயலுக்கும் காரைக்குடிக்கும் நடுவில் எதையும் நெடுநாள் மறைக்கமுடியாது. முதலாளியின் உறவினர் யாராவது அந்த வார்டிலேயே படுத்திருக்கக்கூடும். சொல்லும்போது, ஆலைக்கு எந்த நாள்கள் முக்கியமோ அவற்றை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. விற்பனைக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கட்டும் 15-ஆம் தேதி, ஜி.எஸ்.டி. வரிக் கணக்கான ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதி ஆகியவற்றுக்கு முந்தைய இரவுகளிலும், தை, மாசியில் சம்பா நெல் லாரி லாரியாக வந்து இறங்கும் வாரங்களிலும் வெளி டூட்டி பார்ப்பதில்லை என்று நீங்களே சொன்னால் பெரும்பாலான முதலாளிகள் மறுக்கமாட்டார்கள்.

கானாடுகாத்தான் வாசகர்

நான் ஆள் தேடும் பக்கத்தில் இருப்பவன். எங்கள் ஆத்தா 80 வயதைக் கடந்தவர், சென்னைக்கு வர மறுத்து ஊரிலேயே இருக்கிறார். செட்டிநாட்டில் இத்தகைய வீடு ஒன்றிரண்டு அல்ல. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, முகப்பு, வளவு என்னும் உள்முற்றம், இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் ஒரே ஒரு பெரியவர் இருப்பார். பகலுக்குச் சமையல்காரம்மா உண்டு, வழக்கமாக இரவுக்கு வரும் பெண்ணும் உண்டு. அந்தப் பெண் ஊருக்குப் போகும் நாள்களில்தான் எங்களுக்குச் சிக்கல்.

உங்கள் அச்சத்துக்கு ஆள் அமர்த்துபவனாக ஒரு பதில் சொல்கிறேன். மறுப்பவர்கள் மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு மாலை 7 மணிக்குப் போனை அணைத்து வைப்பவர்களைத்தான் மறுபடி கூப்பிடுவதில்லை. எங்களிடம் உள்ள பட்டியலில் ஒரு பெண்மணி சனி, ஞாயிறு தவிர வேறு எந்த நாளும் வரமாட்டார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும், அதனால் செவ்வாய்க்கிழமை அவரைக் கூப்பிடுவதே இல்லை. சனிக்கிழமை என்றால் முதலில் அவருக்குத்தான் போன் போகிறது. நாள்களை முன்பே சொல்லிவிட்டதால் அவருடைய மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

வார்டைவிட வீட்டு டூட்டி எளிது என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். வார்டில் நோயாளி அதிகம், ஆனால் கூப்பிட்ட குரலுக்குச் செவிலியர் வருவார். எங்கள் வீட்டில் ஆத்தா ஒருவர்தான், ஆனால் அவர் படுத்திருக்கும் அறைக்கும் குளியலறைக்கும் இடையே ஒரு வளவும் ஒரு கட்டும் இருக்கின்றன, படிகள் வேறு, நள்ளிரவில் உதவிக்குக் கூப்பிட்டால் அடுத்த வீட்டில் ஆள் இருக்கவேண்டும் என்பதில்லை. நாங்கள் கட்டிலருகிலேயே கமோடு நாற்காலி வைத்த பிறகுதான் இரவுக்கு வருபவர்களுக்கு நிம்மதி வந்தது. புதிதாக ஒரு வீட்டுக்குப் போவதாக இருந்தால், பகலில் ஒருமுறை போய் வீட்டைப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, வாசல் சாவி எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். 108 ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது, பின்தெரு வாசலா முன்தெரு வாசலா என்று குழம்பினால் நேரம் போய்விடும். பீரோ, நகை உள்ள அறைகளைப் பூட்டிச் சாவியை வீட்டுக்காரர்களே வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் நீங்களே கேளுங்கள். நாணயமானவர்கள் கேட்பதுதான் அது, நாங்கள் தவறாக நினைப்பதில்லை.

ஏஜென்சி வழியாக வந்தால் நாங்கள் கொடுக்கும் தொகைக்கும் உங்கள் கைக்கு வரும் தொகைக்கும் நிறைய வேறுபாடு இருக்கும் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து நியூ ஜெர்சி

தேவகோட்டையில் பிறந்து இப்போது அமெரிக்காவில் நர்சிங் அசிஸ்டென்டாக இருக்கிறேன். இங்கே இந்த முறை மிகவும் வழக்கமானது, பர் டியம் என்றும் பி.ஆர்.என். என்றும் சொல்வார்கள். ஓர் இடத்தில் நிலையாக வேலை பார்த்து அதன் மூலம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீட்டை வைத்துக்கொண்டு, இன்னோர் இடத்தில் தேவைப்படும்போது மட்டும் போய்க் கைச்செலவுக்குச் சம்பாதிப்பவர்கள் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். பர் டியம் ஆளுக்குப் பொதுவாக மணிக்கூலி சற்று அதிகம்; அதற்குப் பதிலாகக் காப்பீடு கிடையாது, சம்பளத்துடன் கூடிய விடுப்பும் பெரும்பாலும் கிடையாது.

முதியோர் இல்லங்களில் வேலை செய்ய இங்கே மத்திய சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும். தொடர்ந்து 24 மாதம் கூலிக்காக இந்த வேலையைச் செய்யாதிருந்தால் மறுபடியும் தேர்வு எழுதவேண்டும், அல்லது பயிற்சியும் தேர்வுமாக மீண்டும் முடிக்கவேண்டும். சிலர் அலுவலக வேலைக்கு மாறிய பிறகும் எப்போதாவது ஒரு ஷிஃப்ட் பார்ப்பது இதற்காகத்தான். இந்த விதி நம் ஊருக்குப் பொருந்தாது. ஆனாலும் நீண்ட இடைவெளி விட்டால் கைப்பழக்கம் போய்விடும் என்பது எங்கும் ஒன்றுதான். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் வேலையில் பழக்கம் விட்டுப்போனவர்களின் இடுப்புத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

இங்குள்ள நடைமுறையில் நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் கூப்பிடும்வரை நாங்கள் காத்திருப்பதில்லை. அடுத்த மாதத்தில் எந்தெந்த நாளில் எந்தெந்த நேரத்தில் வரமுடியும் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மாதத்துக்கு இத்தனை ஷிஃப்ட் கட்டாயம், அதில் இத்தனை வார இறுதியில் என்று சேரும்போதே கையெழுத்தாகிவிடுகிறது. நாங்கள் கொடுக்காத நாளில் போன் வந்தால், முடியாது என்று சொல்வது மறுப்பாகக் கணக்கில் வராது. உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு தாள் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். மாதக் கடைசியில் நர்சிங் பொறுப்பாளருக்கு, அடுத்த மாதம் இன்ன சனிக்கிழமைகள், இன்ன ஞாயிறுகள் வரமுடியும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அவருக்கும் ஆள் தேடும் வேலை குறையும்.

ஆத்தங்குடிக்காரன்

பகலில் ஆத்தங்குடியில் தரை ஓடு போடும் பட்டறையிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண் நோயாளிகளுக்கு உதவியாளனாகவும் இருக்கிறேன். ஆண் உதவியாளர்கள் குறைவு என்பதால் எனக்கு அழைப்புக்குப் பஞ்சமில்லை, மறுத்தாலும் மறுபடி கூப்பிடுகிறார்கள். ஆகவே என் அனுபவம் சகோதரிக்கு முழுவதும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

செவிலியர் அம்மா சொன்ன நான்கு மணி நேர மாலை வேலையில் எனக்கு உடன்பாடில்லை. நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மைதான், ஆனால் இரவு 10 மணிக்கு மேல் முடித்துவிட்டு வெளியே வந்தால் கிராமத்துப் பக்கம் பேருந்து கிடைப்பது அரிது. ஆட்டோவுக்குக் கொடுத்தது போக மிஞ்சுவது மிகவும் சொற்பம்.

ஒவ்வொரு வேலையும் மற்ற வேலையின் மீது தன் அடையாளத்தைப் பதிக்கும், அதையும் யோசிக்கவேண்டும். நாங்கள் நாள் முழுவதும் சிமென்டிலும் மணலிலும் கை வைப்பவர்கள், கைத்தோல் வெடித்துவிடும். வெடித்த தோலோடு நோயாளியைத் தொட்டால் அவருடைய கிருமி எனக்கும் வரும், என் கையில் உள்ளது அவருக்கும் போகும். அதனால் பட்டறையில் கையுறை போட ஆரம்பித்தேன், சனிக்கிழமை இரவு தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறேன், வெடிப்பு ஆறாத வாரத்தில் டூட்டியை ஒப்புக்கொள்வதில்லை. உங்களுக்கு ஆலையில் உமித்தூசு. இருமல் வந்தால் தூசு என்று விட்டுவிடத் தோன்றும், வார்டுக்குப் போகிறவர் அப்படி விடக்கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இந்தப் பணத்தை நம்பிச் சீட்டுச் சேராதீர்கள், தவணையில் எதையும் வாங்காதீர்கள். வராத மாதத்தில் தவணை மட்டும் தவறாமல் வந்துவிடும். கல்லூரிக் கட்டணத்துக்கு என்று தனிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

புதுவயல் கணக்கர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. 30 இரவுக் கணக்கை ஏஜென்சிக்காரரிடம் கேட்டேன், மழுப்பினார். அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிட்டேன். நியமன ஆணையில் வேறு வேலை பற்றி ஒன்றும் எழுதப்படவில்லை. முதலாளியிடம் 11, 15, 20 என்று தேதிகளோடு போய்ச் சொன்னபோது, மாசி முடியும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு சனிக்கிழமை பிற்பகல் விடுப்பை மாதம் இரண்டு முறை தரலாம் என்றார்.

மருத்துவமனைப் பொறுப்பாளருக்கும் வரமுடிந்த நாள்களை எழுதி அனுப்பினேன். ஞாயிறு பகலுக்கு அவர்களிடம் ஆள் இருக்கிறதாம், சனிக்கிழமை இரவுதான் தேவை என்கிறார். பங்குனியில் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா நாள்களில் நிரந்தர ஆட்கள் விடுப்பில் போய்விடுவதால் வார நாள்களிலும் வரமுடியுமா என்று இப்போதே கேட்கிறார். திருவிழா நாளுக்குக் கூடுதல் தொகை கேட்பது முறையா? சனிக்கிழமை இரவு முடித்து ஞாயிறு காலையில் ஸ்கூட்டியில் புதுவயலுக்குத் திரும்புவதில் ஏதேனும் கவனிக்கவேண்டியது உண்டா?

சிவகங்கை ஓய்வுபெற்ற செவிலியர்

மாதம் இரண்டு சனிக்கிழமை, அதுவும் பிற்பகல் தூங்கிவிட்டு என்றால் எனக்கு மறுப்பில்லை. மாலை வேலையைப் பற்றி ஆத்தங்குடித் தம்பி சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். அது மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு உள்ளவர்களுக்குத்தான் சரிவரும்.

திருவிழா நாளுக்குக் கூடுதல் கேட்பது முறைதான், ஆனால் இப்போதே கேளுங்கள். அன்று மாலை வார்டில் நின்றுகொண்டு கேட்டால் மிரட்டுவது போலத் தோன்றும். வார நாளில் வரவேண்டும் என்றால் மறுநாள் ஆலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுத்தான் வரமுடியும் என்றும், ஆலையில் அன்று இழக்கும் ஒரு நாள் சம்பளத்தையும் மனத்தில் வைத்தே தொகையைச் சொல்கிறீர்கள் என்றும் வெளிப்படையாகக் கூறுங்கள். 13,000 ரூபாய்ச் சம்பளத்தில் விடுப்பு நாளுக்குப் பிடித்தம் இருந்தால் 600 ரூபாய் இரவில் உங்களுக்கு மிஞ்சுவது 100 ரூபாயோ 170 ரூபாயோதான், 26-ஆல் வகுக்கிறார்களா 30-ஆல் வகுக்கிறார்களா என்பதைப் பொறுத்தது அது. அந்த 100 ரூபாய்க்காக ஓர் இரவுத் தூக்கத்தைக் கொடுக்கவேண்டியதில்லை.

ஸ்கூட்டி வேண்டாம். இரவு முழுவதும் விழித்தவர்களுக்குக் காலை வெயில் முகத்தில் படும் நேரத்தில் ஓரிரு நொடி கண் தானாக மூடும், அது அவர்களுக்கே தெரியாது. அந்தச் சாலையில் நெல் லாரிகள் வேறு. போகும்போதும் வரும்போதும் பேருந்திலேயே செல்லுங்கள். பேருந்து இல்லாத நேரமானால் மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் படுத்து எழுந்துவிட்டுக் கிளம்புங்கள், செவிலியர் ஓய்வறையைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று பொறுப்பாளரிடம் இந்த வாரமே கேட்டு வைத்துவிடுங்கள். ஹெபடைட்டிஸ் முதல் ஊசியையும் இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போடும் இரண்டாவது ஊசியும் பங்குனி டூட்டிக்கு முன் முடிந்துவிட்டால் நல்லது.